கட்டம் போடாத கதை

அண்ணல் அம்பேத்கர் படித்த பள்ளியில் தண்ணீர்க் குழாயை அவர் தொடக்கூடாது. பியூன் திறந்துவிட்டால்தான் தண்ணீர்; பியூன் இல்லாத நேரத்தில் தாகம்தான். இதை ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால், வாசிப்பவரின் தொண்டை வறளாது.

அந்தத் தாகத்தைப் படமாக்கியது, 2011இல் நவயானா பதிப்பகம் வெளியிட்ட 'பீமாயணா' சித்திரக்கதை. தமிழிலும் 'பீமாயணம்' என்று வந்தது. வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் தம்பதி. மனிதர்களைக் காமிக்ஸ் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் மறுத்தார்கள். சாதித் திமிர் பேசும் சொற்களுக்குத் தேள்கொடுக்கு வரைந்தார்கள்; கனிவான சொற்களுக்குப் பறவை வடிவம் தந்தார்கள். எழுத்து தெரியாதவருக்கும் கொட்டுவது யார் என்று புரிந்துவிடும்.

சித்திரக்கதையில் தாளில் கொடுக்கும் இடம்தான் நேரம். சிறு படங்களை அடுக்கினால் கதை ஓடும். பேச்சில்லாத ஒரு படத்தைப் பக்கம் முழுக்க விரித்தால் கண் அங்கேயே நிற்கும். நம்முடைய அவமானங்களை ஊர் வேகமாகத் தாண்டிப்போகிறது. நாம் வரைந்தால் அங்கே நிறுத்திவைக்கலாம்.

கம்பம் பள்ளத்தாக்கில் கதைக்குப் பஞ்சமில்லை. விடியலில் குமுளி மலையேறும் ஏலத்தோட்ட ஜீப் இருக்கிறது. நம் பெரியவர்கள் சொல்லும் டீக்கடைத் தனி டம்ளர் இருக்கிறது. மாணவர்களே, பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். ஜீப் பயணத்தை நான்கு சிறு படங்களில் ஓட்டுங்கள். டம்ளர் நீளும் அந்த நொடிக்கு ஒரு முழுத் தாளைக் கொடுங்கள். வசனம் வேண்டாம். பார்ப்பவர் பதில் சொல்லட்டும்.