மோர்பாத் கிராமத்தின் கணக்கேடு

சமயச் சீர்திருத்தத்தை நாம் பெரும்பாலும் விற்றன்பெர்க், ஜெனீவா முதலிய நகரங்களின் வரலாறாகவே கற்கிறோம். அது ஒரு சிற்றூரில் எவ்வாறு வந்திறங்கியது என்பதை அறிய, இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தென்விளிம்பிலுள்ள மோர்பாத்தின் கோயில் கணக்கேடு பேருதவி புரிகின்றது.

அந்நாளில் அங்கிருந்தவை 33 குடும்பங்கள். தொழில் ஆடு வளர்ப்பு. கிறிஸ்தபர் ட்ரிக்கி என்னும் குருவானவர் 1520 முதல் 1574 வரை, ஐம்பத்து நான்கு ஆண்டுகள், அவ்வூரில் ஊழியஞ்செய்தார். வார்டன்களின் கணக்கைத் தம் கையாலேயே எழுதிச் சபையார்முன் வாசிப்பது அவர் வழக்கம். ஆகவே அவ்வேட்டில் வரவு செலவு மாத்திரமன்று, அவருடைய குரலும் கேட்கிறது.

கோயிலுக்குச் சொந்தமான ஆடுகள் பல வீட்டாரின் மந்தைகளில் ஒன்றிரண்டாக வளர்ந்தன. கம்பளியின் வருமானம் சுரூபங்களுக்கு முன் எரிந்த விளக்குகளுக்குச் சென்றது. வாலிபருக்கும் கன்னியருக்கும் தனித்தனி நிதிகள் இருந்தன. பார்லி மது காய்ச்சி விருந்து நடத்திப் பணந்திரட்டினர். நம் வாசகர் சிலருக்கு இது இடறலாகத் தோன்றலாம், எனினும் அவ்வூரில் அதுவே சபையின் முக்கிய வருமானம்! புனித சிட்வெல்லின் சுரூபத்திற்கு வெள்ளிக் காலணி செய்யவும் மக்கள் கொடுத்தனர்.

அடக்க ஆராதனைக்கென ஒரு கறுப்பு அங்கித்தொகுதி வாங்க ட்ரிக்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறுகச்சிறுகச் சேர்த்தார். தமக்குரிய சில வருவாய்களையும் அதற்கே விட்டுக்கொடுத்தார். அது 1547-ல் கிடைத்தது. அவ்வாண்டே ஆறாம் எட்வர்டு அரசரானார். விளக்குகள் அணைந்தன, கோயில் ஆடுகள் விற்கப்பட்டன, விருந்துகள் நின்றன. பொது ஜெபப்புத்தகம் 1549-ல் திணிக்கப்பட்டபோது டெவனும் கார்ன்வாலும் கிளர்ந்தெழுந்தன. எக்சிட்டருக்கு வெளியே முகாமிட்ட கிளர்ச்சிக்காரரிடம் மோர்பாத் ஐந்து வாலிபரை ஊர்ச் செலவிலே அனுப்பியது. இச்செலவையும் குருவானவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார். கிளர்ச்சியோ ஆயிரக்கணக்கானோரின் மரணத்தில் முடிந்தது.

மேரி 1553-ல் அரசியானதும், ஒளித்துவைத்த பொருள்களை வீட்டார் ஒவ்வொருவராய்க் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தனர். எலிசபெத்தின் ஆட்சியில் அவை மறுபடியும் அகற்றப்பட்டன.

2001-ல் இவ்வேட்டைக் குறித்து நூல் வெளியிட்ட ஏமன் டஃபி கத்தோலிக்க வரலாற்றாசிரியர். அவருடைய இரக்கம் எப்பக்கம் என்பது வெளிப்படை. ஆயினும் நாம் அந்நூலைத் தவிர்க்கலாகாது. வேதம் தாய்மொழியில் வந்ததை நன்மையென்று கொள்ளும் நாமும், அதே ஆண்டுகளில் ஓர் ஏழைச்சபை எதை இழந்தது என்பதைக் கணக்கிலே காணவேண்டும். கன்னியரின் நிதி ஒழிந்தபோது, அப்பெண்கள் தாங்களே நடத்திவந்த ஒரு சபைப்பணியும் ஒழிந்தது.

ட்ரிக்கியைச் சந்தர்ப்பவாதி என்பது எளிது. நான் அப்படிச் சொல்லத் துணியேன். நான்கு அரசர்களின் கட்டளைகளுக்கும் அவர் கீழ்ப்படிந்தார். 33 வீடுகளையும் விட்டு அகலவில்லை. எலிசபெத்தின் காலத்திலும் அதே கையெழுத்தில் சபையின் வரவையும் செலவையும் எழுதிக்கொண்டிருந்தார்.