எண்ணும் செவியும்



இணையத்தின் வழியே இசை கேட்பவன் நான். கட்டணம் சற்று மிகுதியாயினும், 'உயர் தெளிவு ஒலி' என்னும் வகையையே நாடுவேன். அதன் நயம் என் செவிக்கு நன்கு புலப்படுகிறது என்று பெருமையும் கொண்டிருந்தேன். சென்ற மாதம் என் மகள், ஒரே பாடலை உயர் தெளிவு வடிவிலும், அதிலிருந்தே குறுந்தட்டின் தரத்துக்குக் குறைத்த வடிவிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து, "எது உயர்ந்தது, சொல்லுங்கள் அப்பா" என்றாள். 20 தடவையில் 11 தடவையே சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்! காரணம் யாது?

ஒலி காற்றின் அதிர்வு. அவ்வதிர்வை இடைவிடாது அளந்து எண்களாக எழுதுவதே இக்காலப் பதிவு முறை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு, வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் குறிக்கிறது. மனிதச் செவிக்கு எட்டும் மேலெல்லை வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். வயது ஏற ஏற அதுவும் குறையும். ஓர் ஒலியின் மிகவுயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால், அவ்வொலியை முழுமையாக மீட்கலாம் என்பதை 1949-இல் கிளாட் ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். ஆகவே, 1,92,000 தடவை அளப்பதால் மிகுவன செவிக்கு எட்டாத அதிர்வுகளே. 24 பிட்டுகளின் பயன் பெரிதும் பதிவுக் கூடத்தாருக்கு உரியது.

ஆயினும், எல்லா வடிவங்களும் ஒன்றல்ல. பட்டுப்புடைவையை மடித்துப் பெட்டியில் வைத்தால், விரிக்கும்போது ஓர் இழையும் குறையாது. 2001-இல் நிறைவுற்று வெளியான 'ஃபிளாக்' இத்தகையது. எம்.பி.3 முறையோ, செவி கவனியாது என்று கருதும் இழைகளைக் கத்தரித்துவிடுகிறது. மிகுதியாகக் கத்தரித்தால் தாளத்தின் கணீரொலி மங்கும்.

பெயரை மட்டும் நம்புதலும் தகாது. 2014-இல் அறிமுகமான எம்.கியூ.ஏ. உயர்தரம் என்று விளம்பரம் பெற்றது; ஆனால் அதுவும் சிறிது இழக்கும் முறையே. அதனைக் கையாண்ட டைடல் நிறுவனம் 2024-இல் அதை விடுத்து ஃபிளாக்கைக் கொண்டது.

செலவையும் எண்ணுங்கள். சுருக்குவதற்கு முன், குறுந்தட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசை சுமார் 10.6 மெகாபைட், 24 பிட், 1,92,000 அளவு முறையில் சுமார் 69 மெகாபைட். அவ்வளவையும் வரவழைத்துக் கம்பியில்லாச் செவிக்கருவியில் கேட்டால், அக்கருவிகளுட் பெரும்பாலானவற்றுக்கு ஒலி மீண்டும் கத்தரிக்கப்பட்டே செல்கிறது.

எனவே, இழப்பில்லாத குறுந்தட்டுத் தரம் போதும் என்பதே நான் கண்ட முடிவு. மிஞ்சும் பணத்தை நல்ல செவிக்கருவிக்குச் செலவிடலாம். என் சொல்லையும் அப்படியே ஏற்கவேண்டா. நண்பர் ஒருவரைத் துணைகொண்டு நீங்களே சோதியுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கட்டும். ஏனெனில், சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். எது எது என்பது மட்டும் உங்களுக்குத் தெரியலாகாது.