வேலை அதேதான்... டிகிரி மட்டும் ஏன் கட்டாயம் ஆனது?

டிப்ளமோ முடித்துவிட்டு பத்து வருடமாகத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். புதிதாகச் சேரும் பி.இ. பட்டதாரிகளுக்கு வேலை கற்றுக்கொடுப்பதும் அவர்தான். ஆனால், வேறு நிறுவனத்தில் சூப்பர்வைசர் வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால், ‘பட்டப்படிப்பு’ என்ற கட்டத்தைத் தாண்ட முடிவதில்லை. இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கக்கூடும். வேலை மாறவில்லை, கேட்கும் தகுதி மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

இது எங்கெல்லாம் நடக்கிறது?

இதை ‘டிகிரி இன்ஃப்ளேஷன்’ என்கிறார்கள். விலைவாசி போலப் படிப்புத் தகுதியும் ஏறுவதுதான் இது. அமெரிக்காவில் 2015-ல் வெளியான உற்பத்திப் பிரிவு சூப்பர்வைசர் வேலை விளம்பரங்களில் 67 சதவீதம் பட்டப்படிப்பைக் கேட்டன. அதே வேலையில் ஏற்கெனவே இருந்தவர்களில் பட்டதாரிகள் வெறும் 16 சதவீதம்தான் என்கிறது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் 2017 ஆய்வு.

தமிழ்நாட்டில் என்ன நிலை?

2021-22 உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம்தான். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ‘டிகிரி முடிச்சவங்களே இத்தனை பேர் வர்றாங்க, மத்தவங்களை எதுக்குப் பார்க்கணும்?’ என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. குவியும் ரெஸ்யூம்களை வடிகட்ட டிகிரிதான் சுலபமான சல்லடை.

அரசு வேலையிலும் இதே நெருக்கடி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் வி.ஏ.ஓ., இளநிலை உதவியாளர் பணிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி 10-ம் வகுப்புதான். ஆனால் பட்டதாரிகளும் இன்ஜினீயர்களும் அதற்குப் போட்டி போடுகிறார்கள். 2024-ல் 6,244 இடங்கள் அறிவிக்கப்பட்டபோது, 20 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள்.

டிகிரி இருந்தால் வேலை உறுதியா?

இல்லை. மத்திய அரசின் 2022-23 தொழிலாளர் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த வேலையின்மை 3.2 சதவீதம், பட்டதாரிகள் மத்தியில் 13.4 சதவீதம். படிக்காதவர்கள் கிடைத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள், அவர்களால் காத்திருக்க முடியாது என்பது இதற்கு ஒரு காரணம். ஆக, டிகிரி உள்ளே நுழைய டோக்கன் மாதிரி. டோக்கன் இருந்தாலும் சீட் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

டிகிரி இல்லாமல் வழியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் குறுகலான வழி. ஸோகோ நிறுவனம் பிளஸ் 2, டிப்ளமோ முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. ஹெச்.சி.எல். ‘டெக்பீ’ திட்டமும் பிளஸ் 2 முடித்தவர்களுக்கு வேலை தருகிறது. ஆனால் அங்கேயும், வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்க ஏற்பாடு உண்டு. அதாவது, டிகிரியைத் தள்ளிப்போடலாம், தவிர்ப்பது கஷ்டம்.

அமெரிக்காவில் பல நிறுவனங்கள் ‘இனி டிகிரி கேட்க மாட்டோம்’ என்று அறிவித்தன. ஆனால் அதனால் பலன் கிடைத்தது 700 பணி நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு என்று 2024-ல் வெளியான ஹார்வர்டு, பர்னிங் கிளாஸ் ஆய்வு சொல்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் படிக்கும் முன், தொலைநிலைக் கல்வியை யோசியுங்கள். அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள்.

* 10, பிளஸ் 2 முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் தமிழ்நாடு அரசு வேலைக்குச் செல்லாது. இது தெரியாமல் பணத்தை இழந்தவர்கள் உண்டு.

* அனுபவம் இருந்தும் டிகிரி இல்லையா? போர்ட்டலை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் வேலையை நேரில் பார்த்தவர்கள் மூலம் முயற்சி செய்யுங்கள். சாஃப்ட்வேர் பார்க்கும் முன் ஒரு மனிதர் உங்கள் ரெஸ்யூமைப் பார்க்க வேண்டும்.

* ஆள் எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அடுத்த விளம்பரத்தில் ‘ஏதேனும் ஒரு டிகிரி’ என்று எழுதும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். எந்த டிகிரியாக இருந்தாலும் சரி என்றால், அந்த வேலைக்கு டிகிரியே தேவையில்லை என்றுதானே அர்த்தம்?