தியாகராஜரை வரவேற்ற அறை

நீலகிரியில் பிக்கட்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இலை எடை போடும் நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? மேல் சரிவிலிருந்து ஓர் அக்கா, "எடைக்கு வாங்க" என்று நீட்டிக் குரல் கொடுப்பார். அது முடியும் முன்பே கீழ்ச் சரிவில் இன்னொருவர் அதையே தன் சுருதியில் வாங்கிச் சொல்வார். அதற்குள் எதிர்மலையும் எதிரொலிக்கும். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும், ஆனாலும் குழம்பாது.

மேற்கத்திய இசையின் 'ஃபியூக்' என்ற வடிவமும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு குரல் சிறு மெட்டு ஒன்றைச் சொல்லும். அடுத்த குரல் அதைப் பஞ்சமத்திலிருந்து தொடங்கும். முதல் குரல் ஓயாது. வேறொரு வரி பிடித்துக்கொண்டு கூடவே ஓடும். பிறகு மூன்றாவது சேரும். இந்தக் கலையின் உச்சம் ஜெர்மனியின் பாக் (1685–1750). அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து, 1767இல் திருவாரூரில் நம் கர்நாடக இசையின் தியாகராஜர் பிறந்தார்.

இந்த இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தவர் இளையராஜா. 1986இல் வெளிவந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் இருவருக்குமான காணிக்கை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே செல்லும். பல சிறு பகுதிகளை வரிசையாக வைத்து ஒரே படைப்பாக்குவதை 'சூட்' என்பார்கள். பாக் காலத்தில் அவை பெரும்பாலும் நடன மெட்டுகள். இந்த ஆல்பத்தை அப்படித்தான், தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும்.

ஒரு பகுதியின் பெயர் 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. சேம்பர் என்றால் அறை. ஓர் அறைக்குள் அடங்கும் சிறு வாத்தியக் குழுவின் இசைக்கும் அதுவே பெயர். தஞ்சைச் சரபோஜி மன்னர் அழைத்தும் அரண்மனைக்குப் போகாமல், திருவையாற்று வீட்டிலேயே பாடியவர் தியாகராஜர் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். அவரை வரவேற்கச் சபை எதற்கு? ஓர் அறை போதும்.

இப்படி இரு இசைமுறைகளையும் சேர்ப்பதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று உண்டு. நம் ராகத்தில் ஸ்வரம் அசையும். கமகம் எனும் அந்த அசைவுதான் ராகத்தின் உயிர். பல வரிகள் சேர்ந்து ஒலிக்கையில் எல்லாமே அசைந்தால் சுருதி கலங்கும். எது அசையலாம், எது அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் எழுதித் தர வேண்டும். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜாவின் கை இங்கே தெரிகிறது.

என் தேர்வு 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. பாக் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டா என்ற சூட்டின் முதல் பகுதி அப்படியே ஓடுகிறது. அதைச் சுற்றி இளையராஜாவின் வரிகள் நுழைகின்றன, வீட்டுக்கு வந்தவரிடம் பேச்சுக் கொடுப்பதுபோல. அடுத்த பகுதியின் பெயரே 'நாங்கள் பேசினோம்' என்ற பொருளில்தான் இருக்கிறது.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' பகுதியை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை முன்னே ஓடும் வயலினைப் பிடித்துக்கொண்டு போங்கள். இரண்டாம் முறை அதை விட்டுவிட்டு, அடியில் ஒலிக்கும் கனத்த தந்திகளை மட்டும் கேளுங்கள்.