நாற்பதுக்குப் பின் எதை உடுப்பது?

தஞ்சைத் தரணியில் சம்பா அறுவடை முடிந்து, களத்து மேட்டில் வைக்கோற் போர்கள் எழுந்துவிட்டால், பங்கு இல்லத்திற்குத் திருமண ஓலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கிவிடும். தவக்காலம் தொடங்குமுன் மணத்தை முடித்துவிட வேண்டுமென்ற அவசரம் பெற்றோருக்கு. கும்பகோணம் பெரிய கடைவீதிக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்த் துணி எடுத்து வருவார்கள். மணப்பெண்ணுக்குப் பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டியும் சட்டையும், அத்தைமார், மாமன்மார், கொழுந்திகள் என எல்லாருக்கும் பார்த்துப் பார்த்து எடுத்த பிறகு, கடை அடைக்கும் நேரத்தில் தாய் தனக்கென ஒன்றைத் தொட்டுப் பார்ப்பாள். அண்மையில் ஒரு தாயார் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பொண்ணுக்கு ரெண்டு நாள் பாத்தோம் சாமி, எனக்கு அஞ்சு நிமிஷம். ஏதோ ஒரு சாம்பக் கலரு.” அவருக்கு வயது நாற்பத்தேழு. சாம்பல் நிறம் பிடிக்குமா என்று கேட்டோம். “பிடிக்குமா பிடிக்காதான்னு யாரு சாமி கேட்டா?” என்றார்.

அந்தச் சொல் நம்மைச் சில நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நம் குடும்பங்களில் ஒரு பெண் நாற்பதைத் தாண்டியதும், அவளுடைய புடவைகளின் நிறம் தானாக மங்கத் தொடங்குகிறது. அவள் விரும்பி மங்கச் செய்வதில்லை. “இந்த வயதில் இது எதற்கு?” என்று மகள் கேட்கிறாள், நாத்தனார் கேட்கிறாள், சில வேளைகளில் கணவனும் கேட்கிறான். இதே கேள்வியை, மீசைக்குக் கருஞ்சாயம் தீட்டிக்கொண்டு வரும் ஐம்பது வயது ஆண்மகனிடம் யாரும் கேட்டதாக நாம் அறியோம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். குருமடத்திலிருந்து வெளிவந்து முதற் பங்கை ஏற்றிருந்த காலம். ஒரு ஞாயிறு மறையுரையில், வயது வந்த தாய்மார் கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கோவிலுக்கு வருவது பொருந்தாது என்று, இளமையின் வேகத்தில் பேசிவிட்டோம். அன்று முன்வரிசையில் கிளிப்பச்சைப் புடவையில் ஒரு தாயார் அமர்ந்திருந்ததை நாம் கவனிக்கவில்லை. அடுத்த இரு ஞாயிறுகளில் அவர் திருப்பலிக்கு வரவில்லை. உபதேசியார்தாம் காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புடவையாம் அது. அன்று மாலையே அவர் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை, காப்பி கொடுத்தார். ஆனால் அந்தப் புடவையை அவர் மீண்டும் உடுத்தி நாம் பார்க்கவே இல்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

அந்நாளில் நாம் புனித பிரான்சிஸ் சலேசியாரைச் சரியாகப் படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டோம். ஜெனிவா மறைமாவட்ட ஆயராயிருந்த அவர், இல்லறத்தில் இருப்போர் பக்தியுடன் வாழ வழிகாட்டும் நூலொன்றை 1609-இல் வெளியிட்டார். அதில் உடைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். கிழிசலும் அழுக்குமாக நான்கு பேர் நடுவே போவது அந்த நான்கு பேரை அவமதிப்பதாகும் என்பது அவர் கருத்து. பக்தியுள்ளோர் கூட்டத்தில் எல்லாரினும் நன்றாக உடுத்தியவராகவும், அதே வேளையில் எல்லாரினும் பகட்டுக் குறைந்தவராகவும் இருக்கவேண்டுமென அவர் விரும்பினார். முதியோர் இளையோர்போல் ஒப்பனை செய்துகொண்டால் ஊர் சிரிக்கும் என்று எச்சரிக்கவும் தவறவில்லை. பிரான்சு நாட்டு மன்னரான புனித லூயிஸின் கருத்தையும் அங்கே எடுத்துக்காட்டுகிறார்: சான்றோர் “மிகையாக உடுத்தினாய்” என்றும், இளையோர் “குறைவாக உடுத்தினாய்” என்றும் சொல்ல இடம் வைக்கலாகாது. நடுவயதினருக்கு இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

உடை அற்பமான செய்தி என்று எண்ணுவோரும் உண்டு. நம் மண்ணின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் உடையை மாற்றி முழங்காலளவு வேட்டிக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது நிறையச் சில நாள்களே இருந்தன. கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் பணியாற்றிய வீரமாமுனிவரோ, காவி அங்கியும் காதில் முத்துக் கடுக்கனுமாக விளங்கினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒருவர் குறைத்தார், மற்றவர் கூட்டினார். எந்த மக்கள் முன் நிற்கிறோம் என்பதை இருவருமே எண்ணிப் பார்த்துத்தான் உடுத்தினார்கள்.

சரி, நாற்பதைக் கடந்த நம் இல்லத்தரசி எதை உடுப்பது? தையல் தெரிந்த சகோதரிகளிடமும், நெசவாளர் குடும்பங்களிடமும் கேட்டறிந்ததை இங்கே எழுதுகிறோம். இதில் நமக்குச் சொந்த அறிவு குறைவு; எனவே வாசகிகள் திருத்தலாம்.

முதலில் இரவிக்கை. புடவை எவ்வளவு உயர்ந்ததாயினும், பத்தாண்டுக்கு முன் எடுத்த அளவில் தைத்த இரவிக்கை அதைக் கெடுத்துவிடும். நடுவயதில் உடல் மாறுகிறது. தோளும் மேற்கையும் பருக்கின்றன. பழைய அளவு இரவிக்கையைக் கொடுத்து “இதே மாதிரி” என்னாமல், ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுக்கச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு விரல் அகலத்திற்குத் துணி விட்டுத் தைத்தால் பின்னர் பிரித்துவிடலாம். பட்டு இரவிக்கைக்குக் கக்கத்தில் பருத்தி உள்துணி வைத்தால் வியர்வைக் கறை படியாது. மகளிர் பலர் புடவைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டுத் தையற்கூலியில் பேரம் பேசுகிறார்கள். அது தலைகீழ்க் கணக்கு.

அடுத்து நிறம். வயதானால் மங்கிய நிறந்தான் என்பது யார் எழுதிய சட்டமோ தெரியவில்லை. நரை ஓடிய கூந்தலுக்கும் நம் ஊர் மாநிறத்துக்கும் சாம்பலும் வெளிறிய சந்தனமும் சோர்வையே கூட்டுகின்றன. அரக்கு, மயிற்கழுத்து, கத்தரிப்பூ, வெந்தயம், இலைப்பச்சை போன்ற ஆழ்ந்த நிறங்கள் முகத்திற்கு ஒளி தருகின்றன. உருவில் சிறியவர்கள் அகன்ற கரையைத் தவிர்த்துச் சிறு கரை உடுத்தினால் சற்று உயரமாகத் தெரிவார்கள். உடலெங்கும் சரிகை மின்னும் புடவை இருபது வயதுப் பெண்ணுக்கு விழாக்கோலம். ஐம்பதில் அது புடவையை மட்டுமே காட்டும், உடுத்தியவரை மறைத்துவிடும்.

இதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கும்பகோணத்தை அடுத்த திருபுவனத்தில், சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தறியில் அமர்ந்து நெய்யும் பட்டு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. விசிறி மடிப்பு என்ற தனி முறையில் அதை மடித்துத் தருவார்கள். மயிலாடுதுறையின் ஒரு பகுதியான கூறைநாட்டின் பெயரைத் தாங்கி நிற்பதே நம் கூறைப்புடவை. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த அந்தப் புடவை உடலுக்கு இதமானது, பகட்டில்லாதது. பெட்டியின் அடியில் கிடக்கும் திருமணப் புடவையை இருபத்தைந்து ஆண்டு கழித்து மீண்டும் உடுத்தலாகாது என்று எவரும் விதிக்கவில்லை. பட்டை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பார்ப்பது போதாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி வேறு மடிப்பாக மடித்து, தூய பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டிலேயே ஒடியும். அந்துருண்டை சரிகையின்மேல் படக் கூடாது.

அன்றாடத்திற்குப் பருத்தியே மேல். செயற்கை இழைப் புடவைகள் இங்கே பரவியபோது, துவைத்த உடனே உலர்கிறது, பெட்டி போட வேண்டாம் என்று நம் தாய்மார் மகிழ்ந்தார்கள். அவர்கள் மகிழ்ச்சியில் நியாயம் உண்டு; வயல் வேலையும் அடுப்படி வேலையும் பார்த்தவர்களுக்கு மிஞ்சும் நேரம் எவ்வளவு? ஆயினும் சித்திரை வைகாசிப் புழுக்கத்தில் அந்தத் துணி வியர்வையை உறிஞ்சுவதில்லை. மேலும், மாதவிலக்கு நிற்கும் காலத்தில், பொதுவாக நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள், உடல் திடீரெனச் சூடேறி வியர்த்துக் கொட்டும். வெளியே சொல்லக் கூசி எத்தனை பேர் திருப்பலி நடுவே எழுந்து வெளித் திண்ணைக்குப் போகிறார்கள்! அவர்களுக்கு மெல்லிய பருத்தி பெரும் ஆறுதல். பருத்தி துவண்டு போகுமென்ற கவலையும் வேண்டாம். நெல் விளையும் ஊரில் கஞ்சிக்கா பஞ்சம்? வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, நீர் விட்டு நீர்க்கக் கரைத்து, அலசிய புடவையை அதில் நனைத்து, நன்றாக உதறி நிழலில் உலர்த்தினால் போதும். கெட்டிக் கஞ்சி போட்டால் புடவை அட்டைபோல் நிற்கும். உடுத்தியவர் இன்னும் பருத்துத் தெரிவார்.

இரு சக்கர வண்டியில் பள்ளிக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் சகோதரிகள் சுடிதார் அணிவதை இன்னமும் சிலர் முகம் சுளித்துப் பார்க்கிறார்கள். முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்தவர்களை மருத்துவமனையில் சந்தித்தவர் நாம். எனவே அந்தச் சுளிப்பில் பங்கேற்க மாட்டோம். ஆனால் இரவு உடையின்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு கடைத்தெருவரை வருவது பற்றி, வம்பு வேண்டாமென்று வாய் மூடிக்கொள்கிறோம்.

ஆண்களுக்கும் இரண்டு சொல். தொந்தி விழுந்தபின் இளைஞனின் இறுக்கமான காற்சட்டையில் திணறுவதைவிட, எட்டு முழ வேட்டி மரியாதை தரும். 2014-இல் சென்னைக் கிரிக்கெட் சங்க மன்றமொன்றில் வேட்டி கட்டிவந்த உயர்நீதிமன்ற நீதிபதிக்கே அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் அத்தகைய தடையை நீக்கச் சட்டமன்றம் சட்டமே இயற்றியது. கருஞ்சாயம் பூசுவோர் கவனிக்க: அவற்றுட் பலவற்றில் உள்ள பாரா ஃபினிலீன் டையமின் என்ற பொருள் சிலருக்குத் தோல் தடிப்பையும் முகவீக்கத்தையும் உண்டாக்கும். காதுக்குப் பின்புறம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்தபின் பயன்படுத்துவது நலம். நரையை அப்படியே விட்டு ஒழுங்காகக் கத்தரித்துக்கொள்வது அதனினும் நலம், செலவும் இல்லை.

கடைசியாக, எழுதத் தயங்கிய செய்தி ஒன்று. கணவனை இழந்த சகோதரிகள் வெள்ளையோ சாம்பலோதான் உடுத்தவேண்டும் என்பது நம் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்குத் திருச்சபையைச் சாட்சிக்கு இழுப்போரும் உண்டு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பெண்கள் கோவிலில் தலையை மூடி அடக்கமாக உடுத்தவேண்டும் என்றது. 1983-இல் வெளிவந்த புதிய தொகுப்பில் முக்காட்டு விதி இடம்பெறவில்லை. கைம்பெண்ணின் புடவை நிறம் பற்றி இரண்டிலும் ஒரு சொல்லும் கிடையாது. வெள்ளை உடுத்துவதில் ஒருவருக்கு ஆறுதல் இருந்தால் உடுத்தட்டும். பிறர் உடுத்தச் சொல்வது வேறு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கில் ஒரு திருமணம். மணப்பெண்ணின் தாய்க்கு நாற்பத்தாறு வயது. கணவர் இறந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது. மகள் யாரிடமும் சொல்லாமல் தாயின் கூறைப்புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து, தையற்காரரிடம் புது இரவிக்கை தைத்து வைத்திருந்தாள். “நீ இத கட்டலன்னா நான் கோவிலுக்கு வர மாட்டேன்மா” என்றாளாம். அரக்குப் புடவையில் அந்தத் தாய், உறவினர் அனைவருக்கும் பின்னால், தூணோரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். வாசலில் பெண்ணை எதிர்கொள்ள நின்ற நமக்கு எல்லாம் தெரிந்தது. அவருடைய கொழுந்தனார், ஊரில் கண்டிப்பானவர் என்று பெயரெடுத்தவர், திரும்பிப் பார்த்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தூணருகே வந்தார்.

“அண்ணி, பொண்ணு பக்கத்துல போய் நில்லுங்க” என்றார்.