ஒரு சனி கச்சேரி, ஒரு சனி சினிமா!

மாலை நாலரை மணி சுமாருக்கு மயிலாப்பூர் லஸ் முனையில் சற்று நேரம் நின்று பாருங்கள். சென்னைவாசிகளில் இரண்டு வகை உண்டு என்பது விளங்கும். மாலையானால் வீடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. மாலையானால் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாரால் ஊர் நடக்கிறது. இரண்டாம் வகையாரால் சபாக்களும் சினிமாத் தியேட்டர்களும் நடக்கின்றன.

இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த தம்பதி ஒருவரை மந்தைவெளிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் சந்தித்தோம். பெரியவருக்கு வயது 84. சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சூபரிண்டெண்டாக ஓய்வு பெற்றவர். அம்மாளுக்கு வயது 78. "பேரைப் போடாதீங்க தம்பி, நாங்க வெறும் ரசிகர்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் 'பெரியவர்', 'அம்மாள்' என்றே குறிப்பிடுகிறோம்.

பெரியவருக்குச் சொந்த ஊர் தாமிரபரணிக் கரை. காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத்தைக் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர். உத்தியோகம் கிடைத்துச் சென்னைக்கு வந்தது 1962ல். அந்த வருஷம்தான் 'கொஞ்சும் சலங்கை' வெளிவந்தது. எஸ். ஜானகியின் குரலுடன் அருணாசலத்தின் நாதஸ்வரம் போட்டியிட்டு ஓடும் பாட்டு அதில் உண்டு.

"ஊரை விட்டு வந்து ஒரு மாசம். ஒருத்தரையும் தெரியாது. கொட்டகைக்குள்ளே போய் உட்கார்ந்தேன். எங்க ஊர் நாதஸ்வரம் கேட்டுது. அன்னைக்குத்தான் இந்தப் பட்டணத்திலே இருந்திடலாம்னு தோணிச்சு, பாத்துக்கிடுங்க" என்றார்.

மியூஸிக் அகாடமியின் கட்டடம் இன்றைய டி. டி. கே. சாலையில் திறக்கப்பட்டதும் அதே 1962ல்தான். 1955ல் பண்டித நேரு அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். ஆக, சினிமாவும் சங்கீதமும் ஒரே வருஷத்தில் பெரியவரைப் பிடித்துக்கொண்டன.

தகராறும் சமரசமும்

கல்யாணம் நடந்தது 1968ல். பெரியவருக்குச் சங்கீதப் பித்து. அம்மாளுக்கோ சினிமா என்றால் உயிர். முதல் சனிக்கிழமையே தகராறு வந்துவிட்டது. கச்சேரியா, சினிமாவா? நல்ல வேளையாக அப்போது 'தில்லானா மோகனாம்பாள்' ஓடிக்கொண்டிருந்தது. வாயசைத்தது சிவாஜி கணேசன். வாசித்தது மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். அவருக்குக் கச்சேரி ஆயிற்று, அம்மாளுக்குச் சினிமா ஆயிற்று. படம் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: ஒரு சனிக்கிழமை கச்சேரி, மறு சனிக்கிழமை சினிமா. இருவரும் இரண்டுக்கும் வரவேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது!

குழந்தைகள் பிறந்த பிறகு இருவரும் சேர்ந்து கிளம்ப முடியவில்லை. ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், ஒருவர் போக வேண்டும். அப்போது ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்துச் சேர்ந்தது. போனவர் திரும்பி வந்து, விட்டது தொட்டது இல்லாமல் முழுவதையும் சொல்லியாக வேண்டும். அம்மாள் சினிமாக் கதை சொன்னால், இரண்டரை மணிப் படம் மூன்று மணி நேரம் ஓடுமாம்!

மறந்துவிடாமல் இருக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். முன்பக்கத்திலிருந்து கச்சேரிகள்: தேதி, இடம், பாடியவர், பக்கவாத்தியம், ராகங்களின் ஜாபிதா. எழுதுவது பெரியவர். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து சினிமாக்கள்: தேதி, தியேட்டர், கதைச் சுருக்கம், 'அழுதேன்', 'தூங்கினார்' என்பன போன்ற குறிப்புக்கள். எழுதுவது அம்மாள். இரண்டு கையெழுத்தும் நடுவில் எங்கே சந்திக்கின்றனவோ அங்கே புத்தகம் முடியும்; புதியது வாங்குவார்கள். அலமாரியில் இப்படி 32 புத்தகங்கள் இருக்கின்றன.

இரண்டுக்கும் ஒரே வாசல்

"கச்சேரி உசத்தி, சினிமா மட்டம் என்று சிலர் சொல்வார்களே?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார்.

"நம்ம ஊரிலே இரண்டுக்கும் ஒரே வாசல்தானே, தம்பி!"

அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. மார்கழி விடியலில் மயிலை மாட வீதிகளில் பஜனை கோஷ்டியை நடத்திச் சென்ற பாபநாசம் சிவன்தான் 'அசோக்குமார்', 'சிவகவி', 'ஹரிதாஸ்' படங்களில் தியாகராஜ பாகவதருக்குப் பாட்டெழுதிக் கொடுத்தார். 1936ல் 'பக்த குசேலா' படத்தில் குசேலராக நடித்தவரும் அவரே. அதே சிவனுக்கு 1971ல் அகாடமி சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. ஜி. என். பி. 1940ல் 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்தார், சகுந்தலை எம். எஸ். சுப்புலக்ஷ்மி. இருவருமே பின்னாளில் சங்கீத கலாநிதிகள். எம். எஸ். அந்தப் பட்டம் பெற்றது, நமது தம்பதிக்குக் கல்யாணம் நடந்த 1968ல். அதைப் பெற்ற முதல் பெண்மணியும் அவர்தான்.

தியாகராயநகருக்கு வாருங்கள். ஜி. என். செட்டி சாலையிலுள்ள வாணி மஹால், நடிகர் சித்தூர் வி. நாகையாவின் முயற்சியால் உருவானது. 1946ல் தெலுங்கு 'தியாகய்யா'வில் தியாகராஜ சுவாமிகளாகவே வாழ்ந்து காட்டியவர் அல்லவா அவர்! பாண்டி பஜாரில் 'ஹரிதாஸ்' கதாநாயகி டி. ஆர். ராஜகுமாரி தம் பெயரிலேயே தியேட்டர் கட்டினார். கச்சேரியையும் சினிமாவையும் ஒரே பேனாவால் விமரிசித்த கல்கியை மறக்க முடியுமா? ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியை அவர் எழுதியது 'கர்நாடகம்' என்ற புனைபெயரில்.

1965ல் 'திருவிளையாடல்' வந்தபோது பெரியவருக்கு ஒரு வேடிக்கையான அனுபவம். திரையில் கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதராகப் பாலையா வாயைத் திறந்தால், வருகிறது பாலமுரளிகிருஷ்ணாவின் குரல்! "அதுக்கப்புறம் அவர் கச்சேரிக்குப் போனா, மேடையிலே பாலையா மாதிரியே தெரியும். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

பின்பக்கத்தில் மறைந்த பெயர்கள்

நோட்டுப் புத்தகங்களைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தோம். முன்பக்கத்தில் எழுதப்பட்ட இடங்கள் பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன: அகாடமி, வாணி மஹால், கிருஷ்ண கான சபா, நாரத கான சபா, மயிலை ஃபைன் ஆர்ட்ஸ், திருவான்மியூர்க் கலாக்ஷேத்திரம். 1900ல் தோன்றிய பார்த்தசாரதி சுவாமி சபாவும் இருக்கிறது. பின்பக்கத்திலோ அப்படியில்லை. மயிலையில் காமதேனுவும் கபாலியும் இன்று தியேட்டர்களாக இல்லை. தியாகராயநகரில் ராஜகுமாரி இல்லை, நாகேஷ் இல்லை. அடையாறில் ஈராஸ் இல்லை. 1964ல் திறந்த ஸஃபையர் 1994ல் மூடப்பட்டது. சிவாஜியின் சாந்தி 2016ல் போயிற்று. அசோக் நகர் உதயம் 2024ல் போயிற்று.

காரணம் ரசிகர்களின் அலட்சியம் மட்டுமல்ல. சபா என்பது அங்கத்தினர் பலர் கூடி நடத்தும் ஸ்தாபனம். சந்தா உண்டு, நன்கொடை உண்டு, டிசம்பரில் விளம்பரதாரர் உண்டு. ஒரு காலத்தில் மாதாந்திர நாடகங்களும் சபாக்களைக் காப்பாற்றின. தியேட்டர் அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் சொத்து, ஒரே திரை, ஆயிரம் ஆசனத்தை அன்றாடம் நிரப்பியாக வேண்டும். முதலில் டெலிவிஷன் வந்தது. பிறகு வீடியோ வந்தது. பிறகு பல திரைகள் கொண்ட 'மால்'கள் வந்தன. இதற்குள் கீழே இருந்த நிலத்தின் விலை, மேலே ஓடிய படத்தின் வசூலைக் காட்டிலும் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது.

டிசம்பர் வந்தால் புத்தகம் இரண்டு பக்கமிருந்தும் வேகமாக நிரம்புகிறது. 2003 முதல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவும் சங்கீத சீசனும் டிசம்பரில் மோதிக்கொள்கின்றன அல்லவா? காலையில் அகாடமியில் விரிவுரை, பகலில் யாதொரு பாஷையிலோ ஒரு படம், மாலையில் சபா, நடுவே காண்டீனில் கீரை வடையும் காபியும் என்று சில நாட்கள் ஓடியிருக்கின்றன.

காது போச்சு, கால் போச்சு

"எனக்குக் காது போச்சு, அவளுக்குக் கால் போச்சு" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

முதுமையில் செவி மந்தமாகும்போது உச்ச ஸ்தாயி ஒலிகளே முதலில் விலகுகின்றன. மிருதங்கத்தின் தொப்பி கேட்கும். வயலினின் மேல் தந்தி காற்றோடு போய்விடும். காதில் கருவி மாட்டிக்கொண்டால் தீராதோ என்று கேட்கலாம். அந்தக் கருவிகள் முக்கியமாகப் பேச்சைத் தெளிவாக்குவதற்காக அமைந்தவை. உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியை உயர்த்தும். பேச்சுக்கு அது நல்லதே. சங்கீதத்துக்கோ, அது ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சமன் செய்து ஜீவனைக் குறைத்துவிடுகிறது. அம்மாளுக்குக் காது பளிச்சென்று கேட்கிறது. ஆனால் 2019 முதல் முழங்கால் மடங்க மறுக்கிறது. படி ஏற முடியாது.

2020ல் தொற்று நோயினால் எல்லாம் அடைபட்டபோது சபாக்கள் இணையத்தில் கச்சேரி நடத்தின. வெளியூரிலிருக்கும் மகன் பெரிய டெலிவிஷனும் தலையில் மாட்டும் ஒலிக்கருவியும் அனுப்பி வைத்தார். சாய்வு நாற்காலியில் இருந்தபடி கேட்கலாம். "ரொம்ப நல்லாத்தான் கேட்டுது. ஆனா ஒரு கச்சேரியாவது முழுசாக் கேட்டேனா? இல்லை! நினைச்சா நிறுத்தி வைக்கலாங்கிற சௌகரியம் இருக்கே, அதுதான் வினை. குக்கர் கூவினா நிறுத்து. வாசல் மணி அடிச்சா நிறுத்து. நிறுத்தினது நிறுத்தினதுதான்."

அதனால் 2021க்குப் பிறகு தனியாகவே கிளம்பத் தொடங்கினார். திரும்பி வந்து அம்மாளிடம் சொல்வார். 2024 டிசம்பரில் ஓர் இரவு, சாலை தோண்டியிருந்த இடத்தில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டார். மணிக்கட்டில் முறிவு. மகன் ஓடி வந்தார். "அப்பா, போதும். இனிமேல் எல்லாம் வீட்டிலேயே" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை என்று பெரியவரே ஒப்புக்கொள்கிறார். நோட்டுப் புத்தகம் மூடப்பட்டது. ஏழு மாத காலம் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது.

மறுபடி திறந்தவர் அம்மாள். 2025 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, "கிளம்புங்க. நானும் வாரேன்" என்றாராம். "சாயங்காலம் ஆனா இவர் ஜன்னல் கிட்டே போய் நின்னுக்கிடுதார். கை கூடிப் போச்சு, மனுஷன் கூடலை. அதைப் பாக்கிறதுக்கு, விழுந்தாலும் இரண்டு பேருமா விழலாம்னு கிளம்பிட்டேன்" என்று நம்மிடம் சொன்னார். மகனுக்கு முதலில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்கள். அவர் கோபித்துக்கொண்டார், ஒரு வாரம் கழித்து, மடக்கும் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி அனுப்பினார்.

தைவதம் யார் பக்கம்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களோடு தியாகராயநகரில் ஒரு கச்சேரிக்குச் சென்றிருந்தோம். படியில்லாத வாசல், தரை மட்டத்து வரிசை, ஓரத்து ஆசனம். எல்லாம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தார்கள். பெரியவர் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்கள் மட்டும் முன் வரிசையில் தாளம் போடும் கைகளின் மேல் இருந்தன. வித்துஷி ராக ஆலாபனையைத் தொடங்கினார்.

"பந்துவராளி" என்றார் பெரியவர்.

அம்மாள் அவர் காதருகே குனிந்து, "பூர்விகல்யாணி" என்றார்.

இந்த இரண்டு ராகங்களுக்கும் ரிஷபம், காந்தாரம், மத்தியமம் ஒன்றே. தைவதத்தில்தான் முக்கியமான வித்தியாசம். அந்த ஒரு ஸ்வரம் காதில் சரியாக விழாவிட்டால் யாருமே தடுமாறலாம். பெரியவர் "பந்துவராளி" என்று மறுபடியும் சொன்னார். காது மந்தம் ஆகையால் சற்று உரக்கவே சொல்லிவிட்டார். முன் வரிசைப் பெண்மணி திரும்பிப் பார்த்தார். இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல மௌனமானார்கள்.

கீர்த்தனை ஆரம்பித்தது. பூர்விகல்யாணியேதான்!

57 வருஷம் ஒப்பந்தத்துக்காகக் கச்சேரி கேட்ட அம்மாள் ஜெயித்துவிட்டார். பெரியவருக்கு வருத்தமா? முகத்தைப் பார்த்தோம். அப்படியொன்றும் தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பேனாவோடு அம்மாளிடம் நீட்டினார். முன்பக்கத்து ஜாபிதாவில், அவர் கையெழுத்துக்குக் கீழே, அம்மாள் ராகத்தின் பெயரை எழுதினார். ஜூலையிலிருந்து அந்தப் பக்கத்தை அம்மாள்தான் எழுதுகிறாராம். தனி ஆவர்த்தனத்தின்போது சிலர் வழக்கம்போல எழுந்து காண்டீனுக்குச் சென்றார்கள். பெரியவர் அசையவில்லை. மிருதங்கம்தான் அவருக்கு நன்றாகக் கேட்கிறதே!

"அப்படியானால் பின்பக்கத்தை யார் எழுதுகிறார்கள்?" என்று வெளியே வந்ததும் கேட்டோம்.

"நான்தான்! இப்பல்லாம் பெரிய தியேட்டரிலே தமிழ்ப் படத்துக்கும் கீழே இங்கிலீஷிலே வசனம் போடுதான். தமிழ்ப் படத்தை இங்கிலீஷிலே படிச்சுப் பாக்குற வயசாயிட்டு. ஆனா ஒரு வார்த்தை விடாமப் படிக்கேன். இவளுக்குக்கூடத் தப்பினது எனக்குத் தப்பாது."

சக்கர நாற்காலியை மடித்து ஆட்டோவில் ஏற்றினோம். அடுத்த சனிக்கிழமை சினிமா முறை. என்ன படம் என்று விசாரித்தோம்.

"எதுவா இருந்தா என்ன, தம்பி? எழுத்துப் பெரிசாப் போட்டாச் சரி" என்றார் பெரியவர்.