கார் ஓடாத நெடுஞ்சாலை

அமெரிக்கக் கார்த் தொழிலின் தாய்வீடு டெட்ராய்ட். அந்த ஊர் இருக்கிற மிச்சிகன் மாநிலத்தில்தான், கார் ஓட்டவே அனுமதி இல்லாத மாநில நெடுஞ்சாலையும் இருக்கிறது. பெயர் எம்-185. ஹூரான் ஏரியில் உள்ள மேக்கினா தீவைக் கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நீளம் 13 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. வேறெந்த நெடுஞ்சாலையோடும் இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரும்பாலோர் படகேறித்தான் வருகிறார்கள். 1957-ல் திறக்கப்பட்ட பிரம்மாண்டமான மேக்கினா பாலம்கூடத் தீவைத் தொடாமல் பக்கத்து ஜலசந்தியைக் கடந்துவிடுகிறது.

காருக்குத் தடை எப்படி வந்தது? சுற்றுச்சூழல் அக்கறையெல்லாம் இல்லை. பிழைப்புதான் காரணம்! 1887-ல் கிராண்ட் ஹோட்டல் திறந்த பிறகு கோடைக்கு வரும் பணக்காரர்களை நம்பிக் குதிரைவண்டித் தொழில் செழித்திருந்தது. மோட்டார் வண்டிச் சத்தத்தில் குதிரைகள் மிரள்கின்றன என்று வண்டிக்காரர்கள் முறையிட, 1898-ல் உள்ளூர் நிர்வாகம் தடை போட்டது. 1901-ல் தீவின் பெரும்பகுதியான பூங்காவுக்கும் அது நீண்டது. ஹென்றி ஃபோர்டு தன் ஃபோர்டு மோட்டார் கம்பெனியைத் தொடங்கியதே 1903-ல்தான்.

அந்தப் பூங்காவுக்கும் ஒரு கதை உண்டு. 1875-ல், யெல்லோஸ்டோனுக்கு அடுத்து அமெரிக்காவின் இரண்டாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1895-ல் மாநிலத்தின் கைக்கு வந்தது. கரையோரச் சாலையை அதன்பின் கட்டம் கட்டமாகப் போட்டார்கள். 1933-ல் மாநில நெடுஞ்சாலை என்ற தகுதி கிடைத்தது. குதிரையும் சைக்கிளும் போகிற பாதைதான். பொறுப்பு மாநிலப் போக்குவரத்துத் துறையுடையது.

வழியில் நீர்மட்டத்துக்கு 140 அடிக்கு மேல் நிற்கிறது ஆர்ச் ராக் என்ற சுண்ணாம்புப் பாறை வளைவு. கூட்டம் அங்கேதான். ஆனால், நிறுத்திப் பார்க்க வேண்டிய இடம் மேற்குக் கரையின் பிரிட்டிஷ் லேண்டிங். 1812 ஜூலை 17 விடியலுக்கு முன் பிரிட்டிஷ் படையும் பூர்வகுடி வீரர்களும் இங்கே இறங்கி, பீரங்கியை மேட்டுக்கு இழுத்துப் போனார்கள். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் மூண்ட செய்தியே தீவிலிருந்த அமெரிக்கக் கோட்டையின் தளபதி போர்ட்டர் ஹாங்க்ஸுக்கு எட்டியிருக்கவில்லை. சண்டையின்றிச் சரணடைந்தார். 1814-ல் அமெரிக்கர்கள் அதே இடத்தில் இறங்கித் தாக்கித் தோற்றார்கள்.

ஆண்டு முழுவதும் தீவில் வசிப்பவர்கள் சுமார் 500 பேர். கோடையில் குதிரைகள் அதற்குக் குறையாது. கூரியர் பார்சலும் குப்பையும் குதிரைவண்டியில்தான் போகின்றன. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கிலும் ஒரு வேடிக்கை: 2005-ல் தீவின் தீயணைப்பு வண்டி, நின்றிருந்த ஆம்புலன்ஸின் கதவைச் சேதப்படுத்தியது. இந்த நெடுஞ்சாலையின் மோட்டார் வாகன விபத்து என்று ஊர் சொல்லிச் சிரிப்பது இதைத்தான். குளிர்காலத்தில் பனிவண்டிகளுக்கும் அனுமதி உண்டு. குதிரைகளில் பெரும்பாலானவை அப்போது அக்கரைக்குப் போய்விடும்.

சாலைக்கு உண்மையான எதிரி ஏரிதான். 2019, 2020-ல் நீர்மட்டம் ஏறி, அலைகள் கரையோரத் தார்ச்சாலையைப் பல இடங்களில் அரித்தன. பெரும் பாறைகளை அடுக்கிக் கரையைப் பலப்படுத்த வேண்டியதாயிற்று.

இப்போது பஞ்சாயத்து மின்சார சைக்கிளைப் பற்றி. நடமாட்டக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும், அதுவும் பெடல் மிதித்தால் மட்டுமே மோட்டார் உதவுகிற வகையை, ஓட்டலாம். மற்றவர்கள் வாடகை சைக்கிளைத் தாங்களே மிதிக்க வேண்டியதுதான்.